ஹெவி லைசென்ஸ் எடுத்தாச்சு, முதலில் எந்தக் கம்பெனியில் ஏறுவது?

கேள்வி, 12-09-2024

அண்ணா எல்லோருக்கும் வணக்கம். ஊர் ராசிபுரம் பக்கம், வயது 23. டிப்ளமோ முடித்துவிட்டு டாடா ஏஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஹெவி, அதாவது கனரக வண்டி லைசென்ஸ், கைக்கு வந்துவிட்டது. மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று, சேலத்தில் பார்சல் சர்வீஸ். மாதச் சம்பளம், பி.எஃப். உண்டு, ஆனால் மற்ற இரண்டையும் விடக் காசு குறைவு. இரண்டு, நாமக்கல்லில் கேஸ் டேங்கர் வைத்திருப்பவர். மூன்று, எங்கள் ஊர்க்காரர். இரண்டு பதினாலு வீல் வண்டி, இந்தியா முழுக்க ஓடுகிற நேஷனல் பெர்மிட். கையில் ஒரு தொகை அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். முதல் வருடமே நன்றாகச் சம்பாதித்தால் மூன்று வருடத்தில் சொந்த வண்டி எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. மூன்றாவதுதான் சரி என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

13-09-2024

நானும் லாரி டிரைவர்தான், பதில் சொல்கிறேன். சொந்த வண்டிக் கணக்கை இப்போதைக்கு மூடி வையுங்கள் தம்பி. சொந்த வண்டி எடுத்துத் தவணை கட்ட முடியாமல் மறுபடி டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் சங்ககிரியில் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள்.

மூன்று பேரும் எவ்வளவு தருகிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எப்படித் தருகிறார்கள் என்று கேட்கவில்லை. மாதச் சம்பளமும் படியும் ஒரு வகை. ஓடுகிற கிலோமீட்டருக்கு இத்தனை என்பது இன்னொரு வகை. வாடகையில் ஒரு சதவீதம் என்பது நம் பக்கத்து லைன் வண்டிக்காரர்கள், அதாவது நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள், வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எந்த வாடகையில்? புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் கைநீட்டுகிறவர்களுக்குக் கொடுப்பது, இதெல்லாம் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் எம்ட்டியாக வந்தால் டிரைவருக்கு என்ன? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "நம்ம பையன்தானே, பாத்துக்கலாம்" என்று சிரிக்கிறவரிடம் ஏறாதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் டீசல். டீசல் கணக்கை எப்படி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். வேறு ஒன்றுமே கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.

13-09-2024, ராத்திரி

ஒன்று விட்டுப்போயிற்று. அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் பிரேக் சரியில்லை, வண்டி எடுக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

15-09-2024

டீசல் கணக்குக்கும் புது டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சம்பந்தம் தொப்பூரில் இருக்கிறது.

தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த இரட்டைப் பாலம் வளைவில் எத்தனை லாரி போய் இடித்திருக்கிறது என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நியூட்ரலில் இறங்காதே என்று போர்டு வைத்தும் இறங்குகிறார்கள். ஏன் இறங்குகிறான்? அவனுக்குச் சாகும் ஆசை இல்லை. ட்ரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று முதலாளி முடிவு கட்டியிருப்பார். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடினால் டிரைவர் கையிலிருந்து. லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைப்பதே பெரிய விஷயம் என்கிற வண்டியில், எங்கேயாவது பிடித்தால்தான் மிச்சம். இறக்கத்தைக் கண்டால் கை தானாக கியர் லீவருக்குப் போகும்.

நியூட்ரலில் போட்டதும் என்ன நடக்கிறது? எஞ்சின் பிடிப்பு போய்விடும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் இல்லாததுதான். நாற்பது டன்னையும் கால் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதித்து மிதித்து டிரம் சூடேறும், லைனர் பிடிப்பு விடும், பிரேக்கை இயக்குகிற காற்றழுத்தமும் இறங்கிக்கொண்டே வரும். காற்று குறைந்துவிட்டது என்று பஸ்ஸர் அடிக்கும்போது வண்டி பாதி இறக்கத்தில் இருக்கும். அதற்கு மேல் கியரும் விழாது.

இதில் வேடிக்கை என்னவென்றால் மிச்சமும் பெரிதாக இல்லை. இப்போதைய பி.எஸ்.6 வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகக் குடித்துக்கொண்டே இருக்கும். பழைய பம்பு வண்டிக் காலத்து நம்பிக்கையை இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். மேட்டை எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று சொல்லிக் கொடுக்கிற இடம் முதல் கம்பெனியாக அமைந்தால், அப்புறம் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். டீசலுக்காகச் சம்பளத்தில் வெட்டுகிற இடம் அமைந்தால் முதல் ஆறு மாதத்திலேயே கெட்ட பழக்கம் எல்லாம் வந்துவிடும். வந்தது போகவும் போகாது.

15-09-2024

எல்லா முதலாளியும் அப்படியில்லை என்று கோபப்பட்டிருக்கிறார் ஒருவர். சரி, இல்லை. மைலேஜ் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வண்டி வைத்திருப்பவருக்கு இருக்கிற பெரிய செலவே டீசல்தான், பார்க்காமல் இருக்க முடியுமா? மைலேஜ் குறைந்தால் வண்டியைப் பட்டறையில் விட்டு ஏன் என்று பார்க்கிறவர் உண்டு, டிரைவர் கணக்கில் கழிக்கிறவர் உண்டு. கேட்கச் சொன்னது இந்த வித்தியாசத்தைத்தான்.

22-09-2024

"சின்ன முதலாளியிடம் போனால் குடும்பத்தில் ஒருத்தனாக நடத்துவார், பெரிய கம்பெனியில் நீ ஒரு நம்பர்" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். பாதி உண்மை. குடும்பத்தில் ஒருத்தனுக்குச் சம்பளப் பாக்கி வைப்பதும் சுலபம்.

நான் 2008-ல் ஹெவி எடுத்தேன். திருச்செங்கோடு பக்கம் ஒரு சின்ன முதலாளி. அவர் செய்த ஒரே நல்ல காரியம், என்னைத் தனியாக அனுப்பாமல் ஒரு பெரியவரோடு செட் டிரைவராக ஏற்றியது. அந்தப் பெரியவர் அதிகம் பேச மாட்டார். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி ஒரு இரும்புக் கம்பியால் டயர் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவார். காற்று சரியாக இருந்தால் கணீர் என்று எதிரடித்துக் கம்பி துள்ளும். இரட்டை டயரில் உள்டயர் காற்று இறங்கியிருந்தால் சத்தம் மந்தமாக, பொத்தென்று வரும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும். அப்படியே ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் வெளி டயரும் சூடேறி வெடிக்கும். என்னைத் தட்டச் சொல்லிவிட்டு அவர் திரும்பி நின்று கேட்பார். "மூணாவது திரும்பத் தட்டு" என்பார்.

தார்பாய் கட்டுவதும் அவரிடம்தான். முன்பக்க மடிப்பு பின்பக்கத்துக்கு மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும். மழை லோடாக இருந்தால் நடுவில் தண்ணீர் தேங்காதபடி உயர்த்திக் கட்ட வேண்டும். இதெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் யார் சொல்லித் தருகிறார்கள்? அங்கே எட்டுப் போட்டுக் காட்டினால் முடிந்தது. நாமக்கல்லில் அசோக் லேலண்ட் டிரைவர் பயிற்சி மையம் இருக்கிறது. முடிந்தால் ஒரு நடை போய் அங்கே பயிற்சி எடுங்கள்.

ஆக என் கேள்வி: அந்த மூன்று இடத்தில், முதல் சில மாதம் பக்கத்து சீட்டில் உட்காரப்போவது யார்? பேரைக் கேளுங்கள். முடிந்தால் அவரோடு ஒரு டீ குடியுங்கள். பேப்பரில் இருக்கிற சம்பளத்தை விட அந்த ஆள் முக்கியம்.

24-09-2024

"சட்டப்படி 8 மணி நேரம்தான் ஓட்ட வேண்டும், முதலாளியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்" என்று ஒரு நண்பர். இந்த 2024 நிலவரப்படி, 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. நீண்ட தூரத்துக்கு 10, 54 வரை போகலாம். ஆனால் அந்தச் சட்டம் ஐந்து பேராவது வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். தம்பியின் ஊர்க்காரரிடம் இரண்டு வண்டி. டிரைவர், கிளீனர் சேர்த்து நாலு பேரைத் தாண்டாது. பி.எஃப். கட்டாயமாவது இருபது பேர் இருந்தால். அங்கே சட்டம் வண்டியில் ஏறாது, முதலாளியின் மனசாட்சிதான் கூட வரும். அது எப்படிப்பட்டது என்று அவரிடம் முன்பு ஓட்டிவிட்டு நின்றவரைப் போய்க் கேளுங்கள். இப்போது ஓட்டுகிறவரைக் கேட்டுப் பயனில்லை.

05-10-2024

பார்சல் சர்வீஸ் பற்றி. நாலு பேர் "அது கிளார்க் வேலை மாதிரி" என்று கேலி செய்திருக்கிறீர்கள். செய்யுங்கள். புது டிரைவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரே ரூட், ஒரே நேரம். சாயங்காலம் ஏற்றி ராத்திரி ஓடி விடியற்காலை இறக்கணும். எந்த வளைவில் பள்ளம், எந்த ஊர் பைபாஸில் மாடு படுக்கும், எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். லோடு தேடிப் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. ஏற்றி இறக்க ஆள் இருப்பார்கள். சரக்கு குறைந்தால் டிரைவர் கணக்கு என்கிற தொல்லையும் கம்மி. நம் பக்கம் தீவனத்துக்கு தாவணகெரே, ஹாவேரியிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வருபவர்களுக்குத் தெரியும். வெயிலில் இரண்டு நாள் வந்தால் ஈரம் காய்ந்து எடை இறங்கும், இறக்குமிடத்தில் அதை டிரைவர் தலையில் எழுதப் பார்ப்பார்கள்.

கெடுதல் என்றால் தூக்கம். ராத்திரி ஓட்டம் மட்டுமே என்றால் பகலில் வீட்டில் தூங்கப் பழக வேண்டும். பகலில் கல்யாணம், காதுகுத்து என்று சுற்றிவிட்டு ராத்திரி ஸ்டியரிங் பிடித்தால் மூன்று மணி வாக்கில் கண் சொருகும். டைம் கொஞ்சம் தவறினாலும் ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த போனை எடுக்காதீர்கள்.

ரிவிகோ என்று ஒரு கம்பெனி 2014-ல் வந்தது. ஒரு டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி, வண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எதிரில் வருகிற வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பும்படி ரிலே முறை வைத்திருந்தார்கள். கேள்விப்பட்டபோது பொறாமையாக இருந்தது. அதன் எக்ஸ்பிரஸ் தொழிலை 2022-ல் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கிவிட்டது. டிரைவர் வீட்டில் தூங்க வேண்டும் என்று ஒருவராவது நினைத்துப் பார்த்தாரே, அதுவரைக்கும் சந்தோஷம்.

08-11-2024

முந்தாநாள் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு பார்த்திருப்பீர்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2017-ல் சொன்னதுதான், இப்போது உறுதியாகிவிட்டது. ஹெவி எடுக்கிற யோசனையில் இருக்கிறவர்கள் அவசரப்படாமல் ஒரு வருடம் சின்ன வண்டியில் சரக்கு ஓட்டிப் பாருங்கள். தொழில் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். தோஸ்த், ஏஸ் ஓட்டினவனுக்கு ரிவர்ஸ் நன்றாக வரும், சந்தில் வளைத்துப் பழகியிருப்பான்.

03-12-2024

இதை எழுதுவது விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம். ஃபெஞ்சல் புயல் மழை, அரசூர் பக்கம் ரோட்டு மேலேயே ஆறு ஓடுகிறது. எனக்கு முன்னாலும் பின்னாலும் லாரிதான். நேரம் கிடைத்திருக்கிறது, எழுதுகிறேன்.

மேலே கேட்கச் சொன்ன கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வண்டி நின்றால் யார் காசு? ஓடினால் காசு என்கிற இடத்தில், இப்படி நிற்கிற நாளுக்கு டிரைவருக்கு ஒன்றுமில்லை. சாப்பாடும் கைக்காசு. எனக்கு முன்னால் நிற்கிற வண்டியில் ஒரு பையன், உங்கள் வயசுதான் இருக்கும். கிலோமீட்டர் கணக்கு. காலையிலிருந்து பிஸ்கட்தான். முதலாளியிடம் படி கேட்டால் "வண்டி ஓடலையே" என்றாராம். எங்கள் ஆபீஸ் ஹால்ட் படி போட்டுவிட்டது. அவனுக்கும் சேர்த்து இரண்டு பொட்டலம் வாங்கினேன், புளி சாதம்.

இன்னொன்று, இ-வே பில், அதாவது சரக்கோடு கூட வர வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கில்தான் அதற்கு ஆயுள். இப்படி நின்றால் தாண்டிவிடும். முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் ஆபீஸில் நீட்டித்துக் கொடுக்க வேண்டும். போன் செய்தவுடன் செய்து அனுப்புகிற ஆபீஸ் இருக்கிறதா, அல்லது "நீ வா பாத்துக்கலாம்" என்கிற ஆபீஸா? பிடிபட்டால் சரக்கோடு நிற்கப்போவது நீங்கள்.

ஓவர்லோடும் அப்படித்தான். 2019-ல் சட்டம் மாறிய பிறகு அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கட்டுவது யார் என்று முதலிலேயே பேசுங்கள். வே பிரிட்ஜில் எடை போட்ட சீட்டைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

வண்டிகள் அசைகிற மாதிரி இருக்கிறது. அப்புறம் வருகிறேன்.

03-12-2024

அசையவில்லை. ஹாரன்தான் அடித்திருக்கிறார்கள்.

04-01-2025

டேங்கர் பற்றி யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று தம்பி நினைவூட்டியிருந்தார். சொல்ல வேண்டிய நேரமும் வந்துவிட்டது. நேற்று விடியற்காலை கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கொச்சியிலிருந்து வந்த 18 டன் கேஸ் டேங்கர் கவிழ்ந்தது. அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 20-ல் ஜெய்ப்பூரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேஸ் டேங்கரும் லாரியும் மோதிப் பத்துப் பேருக்கு மேல் எரிந்து போனார்கள்.

டேங்கர் கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். நாமக்கல்லே அதில்தான் நிற்கிறது, தென்மண்டல டேங்கர் உரிமையாளர் சங்கமே இங்கேதான். லோடுக்கு அலைய வேண்டாம், ஆயில் கம்பெனி ஒப்பந்தம் என்பதால் வண்டி ஓரளவு கண்டிஷனில் இருக்கும், தார்பாய் கட்டுகிற வேலையும் இல்லை. ஆனால் புல்லட் டேங்க் என்கிற அந்த கேஸ் உருளையை முழுக்க நிரப்ப மாட்டார்கள், மேலே காலி இடம் விட்டாக வேண்டும். உள்ளே இருப்பது திரவம். நீங்கள் பிரேக் பிடித்த பிறகு அது முன்னால் வந்து தள்ளும், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும். மூட்டை லோடு சொன்ன பேச்சு கேட்கும், இது கேட்காது. ரவுண்டானாவில் ஸ்டியரிங்கை ஒடிக்கிற வேகம் கைக்குப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வேறு வண்டியில் வந்த பிறகு டேங்கருக்குப் போவதுதான் முறை.

லைசென்ஸும் பாருங்கள். அபாயகரமான சரக்கு ஏற்ற மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் தனியாகப் பதிவு வேண்டும். சாதாரண ஹெவிக்கு ஐந்து வருடம், இதற்கு மூன்று வருடம்தான் ஆயுள். "அதெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம், முதல்ல வண்டி எடு" என்று உங்களைக் கூப்பிட்டவர் சொல்லியிருந்தால் அந்த ஆபீஸ் படி மிதிக்காதீர்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

05-01-2025

விபத்து என்றதும் ஆளாளுக்கு 2024 ஜனவரி லாரி டிரைவர்கள் ஸ்டிரைக்கை இழுத்திருக்கிறீர்கள். இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை என்கிற அந்த 106(2) பிரிவை, பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதுச் சட்டம் 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தபோது தனியாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம். ஓடலாம் என்றும் அர்த்தமில்லை. அடி விழும் என்று பயந்தால் நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள், 112-க்குச் சொல்லுங்கள்.

கம்பெனி தேர்வுக்கு இதில் என்ன இருக்கிறது? ஸ்டேஷனுக்கு யார் வருவார் என்பது இருக்கிறது. ஜாமீனுக்கு ஆளும் வக்கீலும் அனுப்புகிற இடம் உண்டு. வண்டியை மட்டும் மீட்டுக்கொண்டு போகிற இடமும் உண்டு. என் நண்பர் ஒருவர் அப்படி ஆந்திராவில் கிடந்தார். வண்டி ஊர் போய்ச் சேர்ந்து அடுத்த லோடும் ஏற்றிவிட்டது, அவர் வரவில்லை.

19-01-2025

பொங்கல் முடிந்து பார்சல் சர்வீஸில் சேருவதாகத் தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. சம்பளம் குறைவுதான் என்று அம்மா வருத்தப்படுகிறார்களாம். ஹெவி டிரைவருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்பவர்கள் கூட, ராத்திரி போய்க் காலையில் வீடு வருகிற டிரைவர் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று சொல்லுங்கள்.

சேரும்போது லைசென்ஸ் ஒரிஜினலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள். வழியில் காட்ட போனில் டிஜிலாக்கர் ஆப்பில் இருப்பதே போதுமே என்று வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அது உங்கள் சொத்து, அவர்கள் பீரோவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. வண்டியின் பாலிசியில் டிரைவருக்குத் தொகை கட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பி.எஃப். நம்பர் வந்ததும் மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று போனில் பாருங்கள். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாத இடங்களும் உண்டு.

இன்னொருவர், நான் சின்ன முதலாளியிடம்தான் போகப்போகிறேன், எனக்கு பி.எஃப். கிடையாது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். ஓட்டுநர்களுக்கென்று தமிழ்நாடு அரசின் நலவாரியம் இருக்கிறது. லைசென்ஸ், ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை இணையதளத்தில் பதியுங்கள். புதுப்பிக்க மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், தேதியைக் கேபினில் ஒட்டி வையுங்கள்.

கேபின் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். தம்பிக்கு யோகம். எங்களுக்கு வாய்த்தது எஞ்சின் சூட்டில் வேகிற கேபினும் ஈரத்துண்டும்தான். பழைய வண்டிக்காரர்கள் யாரும் "ஏ.சி. போட்டால் தூக்கம் வரும்" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்குத் தனி இழை போடலாம்.